ஒரு தைரியத்துக்குத்தான்

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் உடம்பு பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? புதுக் கருவியில் இரைச்சல்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். போன தடவை தொலைபேசியில் நீ "என்ன, என்ன" என்று கேட்க, நான் கத்த, பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்ட, பெரிய கூத்தாகிவிட்டது. நமக்குக் கடிதமே சரி.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் குடியிருப்பின் பழைய மரச் சன்னல்களையும் கதவுகளையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் வேலை உன் மகனுக்குக் கிடைத்துவிட்டது. சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து, என் தங்கை மகன், பொறுப்பானவன் என்று சொன்னேன். நான் எழுந்து பேசியதே பலருக்கு ஆச்சரியம். உட்கார்ந்த பிறகுதான், பொறுப்பானவன் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. அவனை நான் நேரில் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் உன் பிள்ளை. தெரியாமல் என்ன.

குடியிருப்போர் விதித்தது ஒரே ஒரு நிபந்தனைதான். சன்னல் சட்டத்துக்கான திருகாணி தவிர, யார் வீட்டுச் சுவரிலும் கூரையிலும் துளை போடக் கூடாது. முன்பு குழாய் மாற்ற வந்தவர்கள் சுவரையெல்லாம் அம்மைத் தழும்பாக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கோபம். நிபந்தனையைத் தெளிவாக எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அடித்துத் திருத்தி, சந்துபொந்து இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். உன் மகனும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டான்.

ஒரு சின்னக் கேள்வி. முன்பு வேலை பார்த்த ஊரை விட்டு அவன் ஏன் வந்தான்? சங்கத் தலைவர் கேட்டார். "ஒரு மாறுதலுக்காக" என்று சொல்லி வைத்தேன். நான் சொன்னது சரிதானா?

குளிர் விடும்வரை காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். என் காதுக்கு வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை எந்த எண்ணெய் நல்லது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்களா?

தம்பிக்காக, என் பிள்ளைக்காக, நீங்கள் எழுந்து பேசினீர்களே, அந்த இடத்தைத்தான் திரும்பவும் படித்தேன். அவனுக்கு இப்போது அப்படி ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. நன்றாகச் சாப்பிடுகிறானா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நில அளவை அலுவலகத்தில் காலமெல்லாம் பிறர் வரைந்த வரைபடத்தில் தப்புக் கண்டுபிடித்தவர் நீங்கள். அவன் வேலையிலும் இங்கே கோணல், அங்கே கோணல் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவன் தாங்க மாட்டான்.

இங்கே மாமரம்வரை எல்லாம் சுகம் என்று எழுத ஆசை. மாமரத்தைத்தான் வெட்டிவிட்டார்களே.

உங்கள் தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். எந்த எண்ணெய் என்று கேட்காதே.

வேலை ஆரம்பித்துவிட்டது. உன் மகன் இளைத்திருக்கிறான், ஆனால் சுறுசுறுப்பு. எப்போதும் கையுறை போட்டிருக்கிறான், தேநீர் குடிக்கும்போதுகூட. பாதுகாப்பில் அக்கறை உள்ளவன் என்று சங்கத் தலைவரிடம் சொன்னேன். மற்றவர்களின் கையுறைகள் விரல் நுனியில் கிழிந்திருக்கின்றன. கண்ணில் கண்ணாடித் தூள் படாமலிருக்கக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் என் அறை முறை. வேலைக்கு வந்தவரை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வயதிருக்கும். உள்ளே நுழையும்போதே என் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, "ஐயா, இதையும் கொஞ்சம் உசத்திப் போட்டுடலாமா?" என்றார். பழைய சட்டத்தைப் பெயர்த்து எடுத்ததும் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓட்டை. காற்று உள்ளே வந்து என் செய்தித்தாளை எல்லாம் கலைத்தது. நான்காம் மாடியிலிருந்து கீழே முற்றம் நேராகத் தெரிந்தது. நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன்.

புதுச் சட்டத்தை மர ஆப்பு வைத்து நிறுத்திவிட்டார்கள். உள்பக்கம் திருகியாயிற்று. வெளிப்பக்க விளிம்பை வெளியிலிருந்துதான் அடைக்க வேண்டும். முற்றம் குறுகல், சாரம் கட்ட இடமில்லை. அதனால் ஓர் ஆள் சன்னல் திண்டில் உட்கார்ந்து, காலை உள்ளே வைத்து, உடம்பை வெளியே சாய்த்துச் செய்கிறார். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையை உன் மகன் என்னிடம் நீட்டினான்.

"மாமா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

நானா என்று கேட்டேன். வீட்டுக்காரர்தான் பிடிப்பது வழக்கமாம். எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

"பயப்படாதீங்க. சும்மா ஒரு தைரியத்துக்குத்தான்."

நெட்டை வெளியே சாய்ந்துகொண்டே, "நான் விழுந்தா நீங்க கயித்த விட்டுடுங்க ஐயா. ஒருத்தரே போதும்" என்றார். உன் மகன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் உள்ளே வரும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது.

எனக்கு இந்த வேலை பற்றி ஒன்றும் தெரியாது. இதுதான் முறையாகவும் இருக்கலாம். பழைய ஊரிலும் இப்படித்தான் செய்வார்களா என்று அவன் எப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கிறானா? தெரிந்தால் எழுது. என் மனம் ஆறும்.

இரத்த அழுத்த மாத்திரையை விடாதே.

உன் அண்ணன்


மார்ச் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாத்திரை விடவில்லை. மாத்திரைதான் என்னை விட்டுவிடும்போல் இருக்கிறது, தலைசுற்றல் அப்படி.

அவன் இளைத்திருக்கிறான் என்று எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களோடு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். அவன் தனியாக இருக்க வேண்டாம். உங்கள் அறையில் வெளிச்சம் இப்போது நன்றாக வருகிறதா? புதுச் சன்னலுக்குத் திரை என்ன நிறம் போடப்போகிறீர்கள்? நீலம் போடாதீர்கள், வெளிறிவிடும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. எதிர்வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள், அது குரைப்பது எனக்கே கேட்கிறது என்றால் பாருங்கள்.

கையுறை விஷயம் எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். கழற்றச் சொல்லாதீர்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 22

அன்புள்ள தங்கைக்கு,

தலைசுற்றலை மருத்துவரிடம் சொன்னாயா? நாயைப் பற்றி எழுதியதில் பாதியாவது அதைப் பற்றி எழுதியிருக்கலாம்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் எழுதுகிறேன்.

நான்காம் மாடியில் ஒரு கண்ணாடி கீழே போய்விட்டது. சட்டத்தில் பொருத்தத் தூக்கியபோது காற்று அதைப் பாய்போலப் பிடித்துக்கொண்டது. ரப்பர் கிண்ணத்தை வைத்துக் கண்ணாடியை உறிஞ்சிப் பிடித்துத் தூக்குவார்கள். கண்ணாடியில் தூசி இருந்திருக்கிறது, கிண்ணம் ஒட்டவில்லை. முற்றத்தில் துணி காயப்போடும் இடத்தில் விழுந்து நொறுங்கியது. கொஞ்சம் முன்னால்தான் காவலாளியின் மனைவி துணி எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார். உன் மகன் தானே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினான்.

மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் வேலை. எட்டிப் பார்த்தேன். அவர் கயிற்றைத் தையல் இயந்திரத்தின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வாடிக்கையாளருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நெட்டை வெளியே தொங்குகிறார். நான், "அம்மா, கயிறு" என்றேன். "அது எங்க போயிடும் சார், இங்கதான இருக்கு" என்றார்.

வேலைக்காரர்கள் தேநீர் குடிக்கும் இடத்தில் நெட்டையிடம் விசாரித்தேன். சுவரிலோ கூரையிலோ இரும்பு வளையம் பதித்து அதில் கயிற்றைக் கட்டினால் ஆள் பிடிக்கவே வேண்டாமாம். ஏன் பதிக்கவில்லை? துளை போடக் கூடாதே. அந்த நிபந்தனையைச் சந்துபொந்து இல்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான்.

உன் மகனிடம் போய், என் அறைச் சுவரில் துளை போட்டுக்கொள், நானே சங்கத்தில் பேசுகிறேன் என்றேன். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வளையம் எல்லாம் வேண்டாம் மாமா. இப்படியே செஞ்சுதான் பழக்கம். ஒண்ணும் ஆகாது."

இன்னொன்றையும் கவனித்தேன். தப்பாகவும் இருக்கலாம். எந்த வீட்டிலும் அவன் கயிற்றைப் பிடிப்பதில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் காவலாளியைக் கூப்பிடுகிறான், பால்காரரைக்கூடக் கூப்பிட்டான். தான் மட்டும் பிடிப்பதில்லை.

பழைய ஊரைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டேன். நீ திரையின் நிறத்தைப் பற்றி எழுதினாய். வற்புறுத்தவில்லை. ஆனால் தெரிந்தால் சொல்.

உன் அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து நெடுநாள் ஆகிறது. தபால்காரரைக் கேட்டுக் கேட்டு அவரே என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் எழுதியதில் ஏதாவது உன்னைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு. என் கடிதத்தின் பிரதி என்னிடம் இல்லை, ஆனால் எந்த வரியாக இருக்கும் என்று தெரிகிறது.

இங்கே வேலை ஐந்தாம் மாடிக்கு ஏறிவிட்டது. அவசரம் கூடியிருக்கிறது. மழைக்கு முன் முடிக்கச் சொல்லிச் சங்கம் நெருக்குகிறது. புதுக் கதவுகளை மாடி நடையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், எதுவும் கட்டியில்லை. நடக்கும்போது நான் எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு போகிறேன். என் அறைக் கதவின் சட்டம் கையை வைத்தால் அசைகிறது. இன்னும் ஆப்பில்தான் நிற்கிறது. திருகியாயிற்று என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

நெட்டையின் கட்டைவிரலில் பெரிய கட்டு. கேட்டால், "கண்ணாடி கொஞ்சம் முத்தம் குடுத்துடுச்சு ஐயா" என்கிறார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் படிப்பைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டார். பேசிக்கொண்டே கட்டுப்போட்ட கையால் திண்டைப் பிடித்து வெளியே சாய்ந்தார்.

எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. ஒரு வரி எழுது. உடம்பு எப்படி என்று மட்டுமாவது எழுது.

உன் அண்ணன்


ஜூன் 24

அண்ணாவுக்கு,

உடம்பு இருக்கிறது.

உங்களுக்குச் சந்தேகம் புதிதா? கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டினேனா என்று திரும்பி வருவீர்கள். குழாயை மூடிவிட்டு மூடினேனா என்பீர்கள். அண்ணி இருந்தவரை எத்தனை ரயிலை இப்படித் தவறவிட்டீர்கள் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தக் கண்ணால் என் பிள்ளையைப் பார்த்தால் அவன் நிற்பது தப்பு, நடப்பது தப்பு என்றுதான் தெரியும்.

அவன் இத்தனை நாள் கழித்து ஒரு வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துச் செய்கிறான். சங்கத்தில் போய் எதுவும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஏதாவது உதவி கேட்டால் செய்யுங்கள். தாய்மாமன் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

தலைசுற்றல் பரவாயில்லை.

தங்கை


ஜூலை 4

அன்புள்ள தங்கைக்கு,

தலைசுற்றல் பரவாயில்லை என்று படித்ததும் மற்ற வரிகளை எல்லாம் பொறுத்துக்கொண்டேன். நீ எழுதியது உண்மை. குழாயை இன்றும் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

சங்கத்தில் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என் கண்ணை நானே நம்பாதபோது பிறரை எப்படி நம்பச் சொல்வது?

ஆறாம் மாடி ஒன்றுதான் பாக்கி. அங்கே இருக்கும் கணக்கு வாத்தியார் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார், சாவி சங்கத்திடம் இருக்கிறது. கூடத்துச் சன்னல் மிகப் பெரியது, தரையிலிருந்து முழங்கால் உயரத்திலேயே ஆரம்பிக்கிறது. உன் மகன் நேற்று வந்து நின்றான். பதினாறாம் தேதி புதன்கிழமை அங்கே வேலை. "வீட்டுல யாரும் இல்ல மாமா. நீங்கதான் வந்து பிடிக்கணும்" என்றான். அவன் கண்களைப் பார்த்தேன். அவன் தூங்குவதில்லை என்று தெரிகிறது.

உதவி கேட்டால் செய்யச் சொன்னாய். சரி என்று சொல்லிவிட்டேன். நெட்டைதான் வெளியே போகப்போகிறார்.

உன் அண்ணன்


ஜூலை 11

அண்ணா,

போகாதீர்கள். அவர்களையும் போக விடாதீர்கள்.

தொலைபேசியில் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது, வேறு யாரையும் வைத்துச் சொல்லவும் முடியாத விஷயம் இது. இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

பழைய ஊரில் தம்பிக்கு ஒரு கூட்டாளி இருந்தான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நம் வீட்டுக்குக்கூட ஒரு தடவை வந்தான். வாசலில் செருப்பை ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்த ஒரே பையன் அவன்தான். சன்னல் வேலையில் அவன் வெளியே சாய்வான், தம்பி உள்ளே நின்று கயிற்றைப் பிடிப்பான். அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் காற்றில் சன்னல் கதவு வந்து அடித்து அவனைக் கீழே தள்ளியது. அவன் போய்விட்டான்.

கயிறு அறுந்துவிட்டது என்று தம்பி சொன்னான். முதலாளியும் அதையே சொன்னார், போலீஸும் அதையே எழுதியது, அந்தப் பையனின் மனைவியும் அதைத்தான் நம்பியிருக்கிறாள். தம்பி வீட்டுக்கு வந்தபோது இரண்டு கையிலும் கட்டு. கட்டைப் பிரித்து மருந்து போட்டது நான். உள்ளங்கையில் தோலே இல்லை அண்ணா. அறுந்த கயிறு கையை இப்படி உரிக்காது.

நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் கேள்வி ஒவ்வொன்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்துதான் திரையைப் பற்றி எழுதினேன்.

அதற்குப் பிறகும் ஏன் அப்படியே செய்கிறான் என்று தெரியவில்லை. இப்போது வளையம் பதித்தால், அன்றும் பதித்திருக்கலாம் என்று ஆகிவிடும் அல்லவா? அதை அவனால் தாங்க முடியாதோ என்னவோ. நான் அவனைப் பெற்றவள், எனக்கு அப்படித்தான் படுகிறது.

சங்கத்தில் சொல்லுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தங்கை


ஜூலை 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் விரைவுத் தபால் இன்று காலை வந்தது. வேலை நேற்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நிதானமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே படி.

செவ்வாய்க்கிழமை மாலை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் கைக்கு எவ்வளவு பலம் என்று எனக்கே தெரியாது. வாளியில் தண்ணீர் நிரப்பிக் கொடிக்கயிற்றைக் கட்டி, மாடிப்படியின் நடுவில் இருக்கும் இடைவெளியில் விட்டுப் பார்த்தேன். மெதுவாக இறக்கியபோது பிடிக்க முடிந்தது. பிறகு, திடீரென்று விழுந்தால் எப்படி என்று பார்க்க, வாளியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துத் தள்ளிவிட்டேன். கயிறு என் கையிலிருந்து ஓடியது. பிடிக்கக்கூட நேரமில்லை. வாளி அடித்தளத்தில் விழுந்த சத்தத்தில் காவலாளி ஓடிவந்தார். கை தவறிவிட்டது என்றேன். அது பொய்யும் இல்லை. தண்ணீரைத் துடைத்துவிட்டு வந்து உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாளி அது. நெட்டை எத்தனை வாளி இருப்பார் என்று கணக்குப் போடவே பயமாக இருந்தது.

புதன்கிழமை ஆறாம் மாடிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தேன். ஆனால் நான் போகாவிட்டால் பால்காரரைக் கூப்பிடுவான். கூடத்தில் பழைய சன்னல் இருந்த இடம் வெறும் வானமாக இருந்தது. புதுச் சட்டத்தை நிறுத்தி, வெளி விளிம்பு வேலைக்கு நெட்டை கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையை உன் மகன் என்னிடம் கொடுத்தான்.

நான் அதை என் இடுப்பில் சுற்றிக் கட்டினேன். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். முடிச்சு சரியா என்று இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொன்று போட்டேன். வீரத்தில் செய்யவில்லை தங்கை. வாளியை விட்ட கை அது. அதை நம்பி ஒரு மனிதரைத் தொங்கவிட எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

உன் மகன் சட்டத்தில் அளவு பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"கட்டிக்கிட்டேன்."

"கட்டிக்கக் கூடாது மாமா. கையில பிடிச்சாப் போதும். சும்மா ஒரு தைரியத்துக்குத்தான்."

"என் கை விட்டுடும் மாப்பிள்ளை. நேத்து ஒரு வாளியையே விட்டுடுச்சு."

நெட்டை ஒரு காலை வெளியே போட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு. "நல்லாயிருக்கே. அப்ப நான் போனா நீங்களும் கூடவே வர்றீங்களா ஐயா?"

"வேற வழி இல்லையே" என்றேன். உண்மையாகவே எனக்கு வேறு வழி தெரியவில்லை. எப்படி இழுபடுவேன், எந்த இடத்தில் சுவர் என்னைத் தடுக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கும் உயரத்தில் சுவர் இல்லை.

அவர் சிரிப்பு நின்றது. தன் இடுப்பிலிருந்து என் இடுப்புவரை வந்த கயிற்றை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். கீழே முற்றத்தைப் பார்த்தார். காலை உள்ளே எடுத்துப்போட்டு இறங்கினார்.

"நான் போகல" என்றார். "இவ்வளவு நாள் போயிருக்கேன். எப்படிப் போனேன்னே தெரியல."

உன் மகன் என்னருகே வந்தான். முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினான். கை கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. அதற்குமேல் வரவில்லை. "அவிழுங்க மாமா" என்றான். கோபப்படுகிறான் என்று முதலில் நினைத்தேன். கோபத்தின் குரல் அது இல்லை. எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை, அத்தனை முடிச்சு. "அவிழுங்க, அவிழுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து போய்ச் சுவரில் இடித்து நின்றான். இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான். நெட்டைதான் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார்.

இன்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் நேற்று நான் அவனுக்கு என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அவன் இன்று வேலைக்கு வரவில்லை. தங்கியிருக்கும் அறை பூட்டியிருக்கிறது. அங்கே வந்தானா?

உன் அண்ணன்


ஜூலை 26

அன்புள்ள தங்கைக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வழியில் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன்.

அவன் இன்னும் வரவில்லை. அறை வீட்டுக்காரர் மாற்றுச் சாவியால் திறந்து காட்டினார். துணிகள் அப்படியே இருக்கின்றன. கையுறைகள் மேசைமேல் கிடக்கின்றன. நெட்டையும் நானும் பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையிலும் விசாரித்தோம். ஆற்றுப் பாலத்துப் பக்கமும் போனோம். எதற்கு என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

சங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் நிபந்தனையையும் சேர்த்து. வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆறாம் மாடிக் கூடத்தில் பிளாஸ்டிக் தாள் அடித்திருக்கிறது. காற்று வந்தால் அது படபடவென்று அடித்துக்கொள்வது என் அறைவரை கேட்கிறது.

நான் கட்டிக்கொண்டது தப்போ? கையில் பிடித்திருந்தால் அவன் பாட்டுக்கு இருந்திருப்பானோ? ஒரு வரி எழுது.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்துவிட்டான். நேற்று மாலை. நீங்கள் முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

இவ்வளவு நாள் எங்கே இருந்தான் என்று கேட்கவில்லை. தாடி வளர்ந்திருக்கிறது. செருப்பு தேய்ந்து குதிகால் தரையில் படுகிறது. கையில் உறை இல்லை. அடுக்களையில் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். தட்டை வைத்தேன், தொடவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்று கிட்டே வந்து, என் நல்ல காதுப் பக்கம் குனிந்து சொன்னான்.

"மாமா இடுப்புல கட்டிக்கிட்டாரும்மா. நான் அன்னிக்குக் கட்டிக்கல."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் அடிபட்டு வந்தால் ஊதிவிடுவேனே, அதுபோல ஊதினேன். என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை எனக்கு.

விடிந்ததும் அந்தப் பையனின் மனைவி வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். கயிறு அறுந்துபோகவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நானும் கூடப் போகிறேன். காலை முதல் பேருந்து. அவள் எங்களை உள்ளே விடுவாளா, போலீஸைக் கூப்பிடுவாளா, ஒன்றும் தெரியவில்லை அண்ணா. இப்போது அவன் வாசலில் உட்கார்ந்து செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

போய் வந்து எழுதுகிறேன். என் கடிதம் வராவிட்டால், நீங்கள் கிளம்பி வாருங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை